பருப்பு குடிக்கும் ஈரம்

தூத்துக்குடிக்காரர்களுக்கு முந்திரியும் முட்டையும் சேர்ந்து அடுப்புக்குள் போவது புதிய செய்தியல்ல. எங்கள் ஊர் மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்: முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரை சேர்த்து, பொடித்த முந்திரியைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர விடுவார்கள். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. புரதம் என்ற பேச்சே கடைத்தெருவுக்கு வராத காலத்தில், புரதம் மிகுந்த இரண்டு பொருள்களை வைத்துத் தின்பண்டம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பிய ஊர் இது. வீட்டு ஓவனில் பழமும் பருப்பும் போட்டுப் புரத பிஸ்கட் சுட்டு விற்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டபோது, எனக்கு முதல் பாடமாக இருந்தது அந்த மக்ரூன்தான்.

பருப்பை மேலே தூவும் அலங்காரமாக நினைக்காமல், பிஸ்கட்டின் உடம்பையே அதைக் கொண்டு கட்டலாம் என்று மக்ரூன் காட்டியது. ஆனால் அங்கே சர்க்கரை தாராளம். ஈரத்தைப் பிடித்து வைப்பது, மொறுமொறுப்பைத் தருவது, நிறம் கொடுப்பது என்று பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. சத்துக்காக ஒருவர் என்னிடம் பிஸ்கட் கேட்கும்போது அத்தனை சர்க்கரையை நான் போட முடியாது. சர்க்கரையைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் பிஸ்கட் வறண்டு இறுகிவிடும். உறை போட்டு விற்கிற புரத பிஸ்கட்டுகள் பலவற்றைக் கடித்தவுடன் வாய் உலர்ந்து தண்ணீர் தேடுவது இதனால்தான். நான் பார்த்தவரை இந்தத் தொழிலின் மற்ற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. புரதம் ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஈரத்தை எதைக்கொண்டு ஈடுகட்டுவது? பழத்தைக் கொண்டு என்பது என் பதில்.

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் மைதாவில் புரதம் சுமார் 10 கிராம். பொரிகடலையில், அதாவது பொட்டுக்கடலையில், 22 கிராம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35 கிராம். பொரிகடலை மாவும் பால் பவுடரும் பிசையும்போதே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். பிசைந்து முடித்த பிறகும் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். வெண்ணெயைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பார்கள். வெண்ணெயில் தண்ணீர் சுமார் 16 விழுக்காடுதான். அது மாவைப் பூசி உதிரவைக்கும், வறட்சியைத் தீர்க்காது. வெறும் தண்ணீரை ஊற்றினால் கோதுமை மாவின் பசை இறுகி, வெந்ததும் ரொட்டிபோல் இழுபடும். ஊறவைத்து அரைத்த பேரீச்சை அப்படிச் செய்யாது. அதிலிருக்கும் பழச் சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு கட்டி வைத்துக்கொண்டு, மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். சூட்டிலும் எளிதில் விட்டுக்கொடுக்காது. பொரிகடலை மாவும் பால் பவுடரும் சேர்ந்து 100 கிராம் என்றால் 70 கிராம் பேரீச்சை வேண்டும் என்பது என் கைக்கணக்கு.

நிலக்கடலை வாங்குவதில்தான் என் வேலை தொடங்குகிறது. எங்கள் மாவட்டத்திலேயே கோவில்பட்டி இருக்கிறது. அங்கே செய்யும் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளையும் கடலைக்குத் தனி மணம் உண்டு என்பதை இந்தப் பக்கத்தில் எவரும் சொல்வார்கள். நான் வழக்கமாக வாங்கும் கடையில் அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்தவுடன் ஒரு கை அள்ளி என் முன்னால் பரப்பிவிடுவார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்கம்மா. பொறவு சொல்லக் கூடாது.”

“சொத்தை கொஞ்சம் தெரியுதே அண்ணாச்சி.”

“அதான் காட்டுதேன். புதுச் சரக்கு வெள்ளிக்கிழமை வரும். அவசரம் இல்லன்னா அன்னைக்கு வாங்க.”

வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து வாங்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்தது. காரணம் ருசியைவிடப் பெரியது. சுருங்கிய கடலை, நிறம் மாறிய கடலை, பூசணம் பிடித்த கடலை ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தை ஆராய்ந்தபோதுதான் இந்த நச்சு உலகத்துக்குத் தெரிய வந்தது. வறுத்தாலும் சுட்டாலும் இது முழுதாக அழிவதில்லை. எனவே ஓவனை நம்பிச் சொத்தைக் கடலையை உள்ளே விட முடியாது. கண்ணும் கையும்தான் காவல். எங்கள் வீட்டில் கடலை பொறுக்கும் வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

பொறுக்கிய கடலையை 150 டிகிரியில் ட்ரேயில் பரப்பி, நடுநடுவே கிளறி, தோல் வெடிக்கும் வரை வறுப்பேன். ஆறியதும் கையால் கசக்கிச் சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். அதை மிக்சியில் விட்டு விட்டு அரைத்தால் முதலில் பொடியாகும், பிறகு கட்டியாகும், அதன் பிறகு தன் எண்ணெயிலேயே இளகி விழுதாகும். இந்த விழுது 100 கிராமில் புரதம் 25 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்ணெயும் அதிலேயே இருப்பதால் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

பொரிகடலையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கடலை மாவு பச்சை வாசம் அடிக்கும். அதைத் தனியாக வறுத்துத்தான் சேர்க்க வேண்டும். பொரிகடலை ஏற்கெனவே சூட்டில் வெந்து பொரிந்தது. அரைத்துச் சலித்தால் போதும். இன்னொரு காரணம் சத்தைச் சார்ந்தது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பொரிகடலையிலும் பயறிலும் அது நிறைய உண்டு. பொரிகடலைப் புரதத்தில் குறையும் மெத்தியோனின் கோதுமையில் கிடைக்கும். இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைப்பதிலும் இதே பொருத்தம்தான் இருக்கிறது. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஊட்டக் குறைவைப் போக்குவதற்கென்று ஒரு பல்நோக்கு உணவு மாவை உருவாக்கியது. எண்ணெய் பிழிந்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, வறுத்த கடலை மாவு கால் பங்கு, மேலே வைட்டமின்களும் தாதுக்களும் அதில் இருந்தன. விலை உயர்ந்த இறக்குமதிப் பொடி எதுவும் இல்லாமல் நம் கடைத்தெருச் சரக்கை வைத்தே புரதத்தைக் கட்டலாம் என்று அந்த அறிஞர்கள் செய்து காட்டிய வழியிலேயே என் பிஸ்கட்டும் நடக்கிறது.

பருப்புகளில் முந்திரிக்கு நான் முழுப் பருப்பு வாங்குவதில்லை. 240, 320 என்று கடையில் சொல்லும் எண்கள், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கும். எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. பிஸ்கட்டுக்குள் போகிற முந்திரி எப்படியும் உடையத்தான் போகிறது என்பதால் உடைத்த பருப்பே போதும். ஆனால் உடைந்த பருப்பில் காற்றுப் படும் பரப்பு அதிகம், சீக்கிரம் காறிப்போகும். அதனால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி வைக்காமல் அந்தந்த வாரத்துக்கு வாங்குகிறேன். வால்நட் இன்னும் மென்மையானது. அதன் எண்ணெய் எளிதில் கெடும் வகை. அதற்கு ஃபிரிட்ஜ்தான் இடம். பாதாம் ஓரளவு தாங்கும். பூசணி விதையைச் சொல்லாமல் விட முடியாது. 100 கிராமில் 30 கிராம் புரதம் தருவதால், முந்திரியையும் பாதாமையும் முந்திவிடும். மெல்வதற்கும் இளசாக இருக்கும்.

பழங்களில் பேரீச்சை முதுகெலும்பு. கிமியா போன்ற மென்மையான வகை விழுதுக்கு ஏற்றது. காய்ந்த வகை வாங்கினால் வெந்நீரில் ஊற நேரம் கொடுக்க வேண்டும். உலர் அத்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் மாவு கேட்டால் சேர்ப்பதற்கு எடுத்து வைப்பேன். உலர் திராட்சையை ஊறவைக்காமல் போட்டால் அதுவும் மாவிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிஸ்கட்டின் மேற்பரப்பில் தெரியும் திராட்சை கருகிக் கசக்கும் என்பதால், உருண்டை பிடிக்கும்போது அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். பொன்னிறத் திராட்சை கண்ணுக்கு அழகு. அந்த நிறம் நிற்கக் கந்தக வாயு காட்டியிருப்பார்கள்; ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஆகாது. நான் கருந்திராட்சையோடு நிறுத்திக்கொள்கிறேன். டூட்டி ஃப்ரூட்டி சேர்க்கச் சொல்லிக் குழந்தைகள் கேட்பார்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய் அது. ஈரம் தருவதைவிட இனிப்பையே கூட்டும். அதை நான் சேர்ப்பதில்லை.

இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைகளிலிருந்து வருவது. 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் ஓர் உண்மையை வாங்குபவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், பேரீச்சையிலும் சர்க்கரைதான். “சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்” என்று எழுதச் சொல்லி எத்தனை பேர் கேட்டாலும் என் உறையில் அந்த வரி வராது. கருப்பட்டியை நான் விடாமல் பிடித்திருப்பது அதன் மணத்துக்காக. கடலையும் கருப்பட்டியும் சேர்ந்தால் வரும் வாசனையை வெல்லத்தால்கூடத் தர முடியாது.

இனி அளவு. ஏறத்தாழ 25 பிஸ்கட்டுக்கு இது. பொரிகடலை மாவு 100 கிராம், கோதுமை மாவு 60, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40, நிலக்கடலை விழுது 100, வெண்ணெய் 50, பொடித்த கருப்பட்டி 50, பேரீச்சை 100, ஒரு முட்டை, பாதாம் 40, முந்திரி 30, பூசணி விதை 30, அத்தியும் திராட்சையும் சேர்ந்து 60. அரைச் சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஏலக்காயோ சுக்கோ சிறிது. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு கப் பொரிகடலை மாவு என்பது அழுத்தி அள்ளினால் ஓர் எடை, தளர்வாக அள்ளினால் வேறு எடை. புரதக் கணக்கு அங்கேயே தவறிவிடும்.

கொட்டை நீக்கிய பேரீச்சையை 40 மில்லி வெந்நீரில் ஊறவைத்து அரைக்கவும். கருப்பட்டியில் மண் இருக்கும். இரண்டு கரண்டி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீர் வற்றும் வரை காய்ச்சி ஆறவிட வேண்டும். வெண்ணெய், கடலை விழுது, கருப்பட்டி, பேரீச்சை நான்கையும் முதலில் குழைத்து, முட்டையை அடித்துச் சேர்க்க வேண்டும். மாவுகளைச் சலித்துக் கலந்து, கடைசியாகப் பருப்பும் பழமும். இந்தக் கட்டத்தில் மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று இன்னும் மாவு தூவக் கூடாது. மூடி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால், அதே மாவு அதிரச மாவுப் பதத்துக்கு வந்திருக்கும். பதம் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். அப்போதும் வெடிப்பு விட்டால் ஒரு கரண்டி அத்தி ஊறிய தண்ணீர் போதும். என்னிடம் கற்க வருகிறவர்கள் பலரும் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஊறுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லி மாவைக் கூட்டிவிடுகிறார்கள். சுட்ட பிறகு பிஸ்கட் பல்லுக்கு மசிவதில்லை.

30 கிராம் உருண்டையாக நிறுத்து உருட்டி, உள்ளங்கையால் தட்டி வைக்க வேண்டும். சர்க்கரையும் வெண்ணெயும் மிகுந்த பிஸ்கட் ஓவனில் தானாகப் பரவும். புரதம் மிகுந்தது பரவாது. வைத்த உருவத்திலேயே இறுகும். எனவே எந்தக் கனத்தில் வேண்டுமோ அந்தக் கனத்துக்குக் கையாலேயே தட்டிவிட வேண்டும்.

சூடு 160 டிகிரிக்கு மேல் வேண்டாம். சாதாரண பிஸ்கட்டுக்கு 180 வைப்பவர்கள் பலர். பால் பவுடரும் பழமும் கருப்பட்டியும் சேர்ந்த மாவு சீக்கிரம் சிவக்கும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி உண்டாக்கும் அந்தப் பொன்னிறத்தை மெய்லார்ட் வினை என்பார்கள். மணம் அதில்தான் பிறக்கிறது. ஆனால் அதே வினை லைசினில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு அது உதவாமல் போகும். கருகிய பிஸ்கட்டில் ருசி மட்டும் கெடுவதில்லை, சேர்க்கப் பாடுபட்ட சத்திலும் கொஞ்சம் போகிறது. வீட்டு ஓவனின் முள் காட்டும் சூட்டை நம்பாமல், உள்ளே ஒரு தனி வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்லது. பின்பக்கம் சூடு அதிகம் என்பதால் பாதி நேரத்தில் ட்ரேயைத் திருப்ப வேண்டும். 14 முதல் 16 நிமிடத்தில் ஓரம் சிவந்து நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ட்ரேயின் சூட்டிலேயே மீதியும் வெந்துவிடும். நடுவும் கெட்டியாகும் வரை காத்திருந்தால், பழத்தைப் போட்டுச் சேர்த்த ஈரமெல்லாம் ஆவியாகப் போய்விடும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தம்பிகள் தங்கள் புரத டப்பாவோடு வருவார்கள். “இதையே போட்டுச் சுட்டுத் தாங்கக்கா” என்பார்கள். கூடவே ஒரு பயமும் இருக்கும்: “சூட்டுல புரதம் செத்துராதாக்கா?” முட்டையை அவித்தால் புரதம் போய்விடுகிறதா என்று கேட்பேன். சூட்டில் புரதத்தின் உருவம் குலையும். அமினோ அமிலங்கள் அப்படியே இருக்கும், உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். சிக்கல் சத்தில் இல்லை, பதத்தில் இருக்கிறது. அந்த டப்பாவில் இருக்கும் வே என்ற பால் புரதப் பொடி பிசையும்போது இளகலாகவே இருக்கும். ஓவனுக்குள் 70 டிகிரியைத் தாண்டியதும் அது சுருண்டு இறுகி, பிடித்திருந்த தண்ணீரை வெளியே தள்ளும். பால் பவுடரில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு கேசின். அது அப்படி இறுகுவதில்லை. அதனால்தான் என் அளவில் வேக்குப் பதில் பால் பவுடர் இருக்கிறது.

ஆனாலும் கேட்பவர்களுக்குச் செய்து தருகிறேன். கோதுமை மாவில் 40 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்கு வே பொடி சேர்ப்பேன். பேரீச்சையை 30 கிராம் கூட்டி, இரண்டு கரண்டி கெட்டித் தயிரும் விடுவேன். இரண்டு நிமிடம் முன்னதாகவே எடுப்பேன். இத்தனைக்கும் பிறகு ஒரு பிஸ்கட்டில் புரதம் ஒரு கிராம்தான் கூடுகிறது. அந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் சிலர் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “நீங்க எப்பவும் போடுறதையே குடுங்கக்கா, இதைப் பால்ல கலக்கிக் குடிச்சுக்கிடுதேன்” என்று போய்விடுவார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்த பிஸ்கட்டை யாருக்காகச் செய்கிறேன் என்று கேட்டால், தம்பிகளைவிட முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் வயதானவர்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது மிகவும் இளைத்திருந்தார். புரதம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். கறியும் பருப்பும் அவருக்கு இறங்கவில்லை, பல்லும் ஒத்துழைக்கவில்லை. அவருக்காகப் பாதாமையும் முந்திரியையும் பொடித்துச் சேர்த்தேன், பூசணி விதையையும் அரைத்தேன், அத்தியை விழுதாக்கினேன். வெளியே லேசான ஓடு, உள்ளே மென்மை. மாலைத் தேநீரோடு இரண்டு. “இது நல்லா இறங்குதும்மா” என்று அவர் சொன்னபோது, மென்மைக்காகப் படும் பாடு எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது. தேவைப்படுகிறவரின் வாய்க்குள் இறங்காத சத்தை உறையில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டு என்ன பயன்?

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கிறேன். பிடிமானம் வந்துவிடும். முட்டை தரும் 6 கிராம் புரதத்தை ஈடுகட்டப் பால் பவுடரை 15 கிராம் கூட்ட வேண்டும், பேரீச்சையை 10 கிராம்.

இப்போது உறைமேல் எழுதும் எண்ணுக்கு வருகிறேன். மேலே சொன்ன அளவில் புரதம் மொத்தம் ஏறத்தாழ 98 கிராம். வெந்து ஈரம் போனபின் பிஸ்கட்டுகளின் எடை 650 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். அதாவது 100 கிராமுக்கு 15 கிராம் புரதம். ஒரு பிஸ்கட்டுக்குச் சுமார் 4 கிராம். ஒன்றுக்குக் கலோரி 115க்கும் 120க்கும் நடுவில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, திட உணவொன்றில் புரதம் அதிகம் என்று சொல்லிக்கொள்ள, அதன் 100 கிராமில் ஒரு நாள் தேவையில் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணின் ஒரு நாள் தேவையை 54 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்தன. அப்படியானால் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே எல்லை வருகிறது. என் பிஸ்கட் அதைத் தாண்டுகிறது. ஆனால் அதே மூச்சில் நான் இன்னொன்றையும் சொல்வேன். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் 70 கலோரிக்குக் கிடைக்கும். என் பிஸ்கட்டில் 4 கிராம் புரதத்துக்கு 120 கலோரி. முட்டைக்கும் பருப்புக்கும் மாற்றாக இதைச் சாப்பிட வேண்டாம். கிரீம் பிஸ்கட்டும் பஃப்ஸும் தின்னும் நேரத்துக்கு இது மாற்று. அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் இது தரும் நன்மை பெரிது.

ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, வழக்கமாக 6.25 ஆல் பெருக்குவார்கள். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் தந்த முறை அது. மாதிரியை அனுப்பிச் சோதிக்காமல், பொருள்களின் அட்டவணையை மட்டும் வைத்து எண் எழுதுகிறவர்கள், வேகும்போது எடை குறைவதையாவது கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து விற்பவர்களுக்கும் ஆணையத்தின் பதிவு கட்டாயம். நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணம்தான். 14 இலக்க எண் உறையில் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்தால் பழுப்பு முக்கோணக் குறி வேண்டும். நிலக்கடலை, மரப்பருப்புகள், பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தனியே எழுத வேண்டும். என் பிஸ்கட்டில் இவை எல்லாமே இருக்கின்றன. கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் தெரிந்தவர், உறவினர் என்று பாராமல் எந்தப் பெட்டியும் அந்த வரி இல்லாமல் என் வீட்டு வாசலைத் தாண்டாது.

கடற்கரை ஊரில் சேமிப்பும் ஒரு வேலை. காற்றிலேயே ஈரம் இருப்பதால் மொறுமொறுப்பான பிஸ்கட் இங்கே ஒரே இரவில் நமத்துவிடும். பழம் சேர்ந்தது முதலிலிருந்தே மென்மையாக இருப்பதால் அந்தக் கவலை குறைவு. பூசணம் பற்றிய கவலை அதிகம். முழுதாக ஆறாமல் டப்பாவில் அடைத்தால் உள்ளே ஆவி வியர்த்து, பழத்தின் மேல்தான் முதலில் பூக்கும். கம்பித் தட்டில் இரண்டு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நான் தேதி போடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதையும் பத்து நாளாகக் குறைத்துவிடுவேன்.

கற்க வரும் பெண்களிடம் முதலில் தராசு வாங்கச் சொல்கிறேன், பிறகு ஒரு நோட்டு. நான் தரும் அளவு தூத்துக்குடிக் காற்றுக்கும் எங்கள் அண்ணாச்சி கடைப் பொரிகடலைக்கும் பொருந்துவது. ஓசூரின் உலர்ந்த குளிரிலோ வேறு ஆலையில் அரைத்த மாவிலோ அது அப்படியே அமையாது. மாவின் அளவையும் பருப்பின் அளவையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, பேரீச்சையை மட்டும் பத்துப் பத்துக் கிராமாக ஏற்றியும் இறக்கியும் சுட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நடு மெத்தென்று இருக்கிற அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். புரதக் கணக்கு எல்லா ஊருக்கும் பொது. பழத்தின் அளவை உங்கள் ஊரில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.